மூன்றங்குலக் குழாய்

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இஞ்சினுக்கு முன்னால் சைலன்சர்தான் போகும். கடலூர் முதுநகர்க் காற்றில் இருக்கும் உப்பு, வண்டியின் அடிவயிற்றைத் தேடிப்பிடித்துத் தின்னும். மரியலூர்துவின் சுமோவுக்கும் 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதுவே நேர்ந்தது. குழாய் நடுவில் இற்றுப்போய், பின்பாதி சாலையில் உரசத் தொடங்கியது. வேறு எந்த மாதமாக இருந்தாலும் கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓட்டியிருப்பார். அந்த மாதம் அப்படிச் செய்ய முடியாது. மாதக் கடைசியில் அந்த வண்டிதான் மாதாவின் தேரை வேளாங்கண்ணிக்கு இழுத்துச் செல்ல இருந்தது.

எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஒரு கூட்டம் நடந்து போகும். காவி உடுத்தி, செருப்பில்லாமல், சிதம்பரம் வழியாகப் போவோம். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சொரூபம் வைத்த தேர் முன்னால் செல்லும்; செபமாலை சொல்லிக்கொண்டு நாங்கள் பின்னால் செல்வோம். பணி ஓய்வு பெற்ற பிறகு ஒலிவாங்கியைப் பிடித்துச் செபம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழ் நடத்தியவன், செபத்தை விழுங்கமாட்டான் என்பது அவர்களுடைய எண்ணம்.

அதுவரை தேரை இழுத்து வந்தது நெல்லிக்குப்பத்துப் பொன்னுரங்கத்தின் டிராக்டர். கரும்பு வெட்டு ஓய்ந்த மாதங்களில் அது சும்மா நிற்கும். பொன்னுரங்கம் மாதா கோயில்காரர் அல்லர். ஆனால் மாதாவுக்கு என்றால் மறுத்ததில்லை. இந்த முறை வேண்டாமென்று அவரிடம் சொன்னவர் மரியலூர்து. இரண்டாண்டுகளுக்கு முன் அவருடைய மகள் சகாய பிரியா மூளைக்காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது, மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து அவர் நேர்ந்துகொண்டார்: பிள்ளை கண்விழித்தால் சொந்தத்தில் வண்டி வாங்கி, அந்த வண்டியிலேயே மாதா தேரைக் கடலூரிலிருந்து வேளாங்கண்ணிவரை இழுப்பேன், நடுவில் வேறொரு வண்டியைத் தொடவிடமாட்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பழைய வண்டிதான் என்றாலும் டர்போ வைத்த வண்டியாக வாங்கினார். மலையையே இழுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

சைலன்சர் மாற்றும் வேலை கொளஞ்சியப்பனின் பட்டறைக்கு வந்தது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில், விசைப்படகுகளுக்கும் லாரிகளுக்கும் புகைக்குழாய் வளைத்துக் கொடுக்கும் பட்டறை அது. தேரின் கொக்கி எவ்வளவு உயரத்தில் வரும் என்று கேட்டுப் போவதற்காக நானும் அங்கே சென்றிருந்தேன். மரியலூர்துவும் அவர் மனைவி அந்தோணிமேரியும் இருந்தார்கள். புதுச்சேரியில் கார் சர்வீஸ் நிலையத்தில் வேலை பார்க்கும் அந்தோணிமேரியின் தம்பி ஜெனித்தும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"கம்பெனி போட்டது ரெண்டு இன்ச்சு. நா ரெண்டரை வெச்சுத் தர்றேன், தாராளமா போதும்," என்றார் கொளஞ்சியப்பன்.

"மூணு வைங்கண்ணே," என்றான் ஜெனித்.

"இன்னாத்துக்கு? வண்டிக்கா, ஊர் சாக்கடைக்கா?"

"அண்ணே, இது டர்போ இஞ்சின். பழைய அம்பாசடர் கணக்கு இதுக்கு ஆவாது. இஞ்சின் வுடுற புகைதான் டர்போ சக்கரத்தச் சுத்துது. சக்கரத்தத் தாண்டிட்ட புகை எவ்ளோ லேசா வெளிய ஓடுதோ, அவ்ளோ சீக்கிரம் டர்போ எழுந்துக்கும். பின்னால பைப்பு குறுகலா இருந்தா மூச்சு முட்டும். இழுவை போயிடும்."

"அதெல்லாம் சரிதான் தம்பி. மூணு இன்ச்சு பைப்ப ஆக்சிலுக்கு மேல வளைக்க எடம் எங்க இருக்கு? கீழ தொங்கும். கனம் வேற ஜாஸ்தி. ரப்பர் தொங்கல் தாங்காது, அறுந்துக்கும்."

மரியலூர்து குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அவர் படகுகளில் வளர்ந்தவர். "எங்கப்பா போட்டுல மூணு இன்ச்சு வெச்சிருந்தாரு. வாயத் தொறந்து வுட்டாத்தான் இஞ்சின் நல்லா மூச்சு வுடும்னுவாரு."

"போட்டு கடல்ல ஓடுது லூர்து. அங்க மீனுக்குக் காது கேக்குதா, காதுல பஞ்சு வெச்சிக்கினு வந்து சண்ட போடப் போவுதா?"

"சத்தம் ஜாஸ்தி இருக்குமோ?" என்று நான் கேட்டேன்.

"சத்தம்னு சொல்லக்கூடாது சார். கெத்தா இருக்கும்," என்றான் ஜெனித்.

முடிவு சொன்னவர் அந்தோணிமேரி. "தேர இழுக்குறப்ப நடுரோட்டுல திணறி நின்னுட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். பொன்னுரங்கம் அண்ணன் டிராக்டரு ஒரு நாளும் நின்னதில்ல. பெருசாவே வைங்க."

மூன்றங்குலமே வைக்கப்பட்டது. கொளஞ்சியப்பன் ரப்பர் தொங்கலை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, முனையில் புட்டிபோல ஒரு சிறிய சைலன்சரையும் பொருத்திக் கொடுத்தார். அன்றே எல்லாரும் ஏறிக்கொண்டு ஆலப்பாக்கம்வரை ஓட்டிப் பார்த்தோம். ஜெனித் சொன்னதில் பொய்யில்லை. சவுக்குக்கட்டை ஏற்றிக்கொண்டு சாலையை அடைத்துப் போன லாரியை, மரியலூர்து காலை அழுத்திய மாத்திரத்தில் வண்டி தாண்டிப் போயிற்று. முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. "பாத்தீங்களா சார், எழுந்துக்கிச்சு பாத்தீங்களா!" என்று அவர் கத்தினார். திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றிருந்த பொன்னுரங்கம் சத்தம் கேட்டு வெளியே வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னா லூர்து, மாதாவ ஏரோப்ளேன்லயா இட்னு போற?"

எல்லாரும் சிரித்தோம். அந்தக் குழாயை எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சோதித்தோம், எண்பதில் சோதித்தோம். தேர் மனிதர் நடக்கும் வேகத்தில் போகும் என்பது அந்த வண்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பலமுறை அந்த வழியே நடந்த கால்கள் எங்களுடையவை. ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை.

*

முதல் நாளே என் குரல் போயிற்று. தேரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு மரியலூர்து முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி நகர்ந்தார். அந்த வேகத்தில் டர்போ எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. குழாய் மட்டும் எழுந்துகொண்டது. உயர்ந்த ஓசையாக இருந்தாலாவது அதற்கு மேலே போய்ச் சொல்லலாம். இது காதுக்குக் கீழே, நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் உறுமல். அதன் நடுவே நான் செபத்தின் முற்பாதியைச் சொல்வேன். கூட்டம் எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் பிற்பாதியை முன்கூட்டியே தொடங்கிவிடும். ஒரு வரிசை முந்த, ஒரு வரிசை பிந்த, செபம் சந்தைக்கூச்சலாகிவிட்டது. எனக்கு அப்போதே கோபம் வந்தது. கூட்டத்தின் தலைவர் இன்னாசிமுத்துவிடம் சொன்னேன். "மொத நாளு அப்பிடித்தான் சார், பழகிப்போயிடும்," என்றார்.

ஆலப்பாக்கத்தில் தங்குவதற்குச் சற்று முன்பு, கொளஞ்சியப்பன் சொன்னபடியே ரப்பர் தொங்கல் அறுந்து, குழாய் தொப்பென்று தாரில் விழுந்தது. இனி ரப்பர் தாங்காது என்று மரியலூர்து முடிவுசெய்தார். அவ்வூரில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா அடிப்பவர் ஒருவரைப் பிடித்து, ஓர் இரும்புப் பட்டையைப் போட்டுக் குழாயை வண்டியின் சட்டத்தோடு சேர்த்து வெல்டு அடித்துவிட்டார். இனி விழாது. உண்மைதான், விழவில்லை.

மறுநாள் முற்பகலில் பெரியப்பட்டுக்கு அருகே போய்க்கொண்டிருந்தோம். சாலையோரத்தில் மீன்கூடையை இறக்கி வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றிருந்தார். சாமியார்பேட்டையிலிருந்து மீன் விற்க வருகிற மங்கம்மா அவர். தேர் வருவதைக் கண்டதும் ஈரக்கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"அய்யோ, ஆத்தா நடுங்குறாளே!"

எல்லாரும் பார்த்தோம். மாதாவின் கையில் தொங்கிய செபமாலை ஊஞ்சலாடியது. கிரீடத்தின் முத்துக்குஞ்சங்கள் துடித்தன. சேலையின் சரிகைக்கரையில் ஒளி இடைவிடாமல் ஓடியது. முகம் மட்டும் அசையாமல் இருந்ததால், மற்றவையெல்லாம் உயிர்பெற்றதுபோல் தெரிந்தன. பெண்கள் சாலையிலேயே மண்டியிட்டார்கள். மரியலூர்து பதறி வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். மாதா அசைவற்றுப் போனார். மறுபடி இஞ்சினை முடுக்கியதும் செபமாலை ஆடத் தொடங்கியது.

"பாத்தீங்களா? வண்டி நின்னா நிக்குறா, கெளம்புனா நடுங்குறா," என்றார் மங்கம்மா. "சீக்கிரம் இட்னு போங்கடான்னு அவசரப்படுறா ஆத்தா!"

இன்னாசிமுத்து வண்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "லூர்து, உன் நேர்த்திக்கு மாதா பதில் குடுத்துட்டாங்கடா. உன் வண்டி கெளம்பறப்பதான் அசையுறாங்க. வேற இன்னா வேணும் உனக்கு?"

மங்கம்மா கூடையை அங்கேயே கூட வந்த நாத்தனாரிடம் தள்ளிவிட்டார். "நானும் வர்றேன். வேளாங்கண்ணிக்கு இதுவரைக்கும் போனதில்ல. கூப்புடுறா, போறேன்." செருப்பைக் கழற்றிப் பனைமரத்தடியில் விட்டுவிட்டு எங்களோடு நடக்கத் தொடங்கினார்.

டிராக்டர் இழுத்த ஆண்டுகளில் மாதா ஏன் நடுங்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. டிராக்டரின் புகைக்குழாய் முன்பக்கத்தில் வானத்தைப் பார்த்து நிற்கும். அதன் ஓசை மேலே போய்விடும். இந்தக் குழாயோ வண்டியின் எலும்போடு பற்றவைக்கப்பட்டு, தேரின் கொக்கிக்குக் கீழே வாய் திறந்து கிடந்தது. குழாயின் உறுமல் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து கொக்கிக்கும், கொக்கியிலிருந்து பெட்டிக்கும் ஏறியது. ஐயம் தீர நான் தேரின் மரச்சட்டத்தில் கைவைத்துப் பார்த்தேன். விரல் நுனிவரை கூசியது. நம்பிக்கை வேறு, விசாரிக்காமலிருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்கிற சோம்பல் எனக்குப் பொறுக்காது.

புதுச்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஆட்கள் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தார்கள். பி.முட்லூரில் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார்கள். இன்னாசிமுத்து அலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. "ஆமாங்க ஃபாதர், நேர்ல பாத்தேன். என் கண்ணால பாத்தேன். நாளைக்கு சீர்காழி வர்றோம், ஜனங்ககிட்ட சொல்லி வைங்க."

மதியச் சாப்பாட்டுக்குப் புளியமரங்களின் நிழலில் உட்கார்ந்தபோது மரியலூர்து மட்டும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் மடியில் பிரிக்கப்படாமல் இருந்தது. நான் ஜன்னலருகே போய் நின்றேன்.

"லூர்து, மாதா நடுங்கல. உங்க பைப்பு நடுங்குது."

"தெரியும் சார்."

அவர் பக்கக் கண்ணாடியைச் சுட்டிக் காட்டினார்.

"காலையிலேர்ந்து பக்கக் கண்ணாடியில மூஞ்சி தெரியல சார். எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. ஸ்டீரிங்க புடிச்ச கை மரத்துப்போச்சு. பட்டை வெல்டு அடிச்சதுலேர்ந்துதான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா இன்னாசி அண்ணன் வண்டியக் கழட்டச் சொல்லுவாரு. பொன்னுரங்கத்துக்கு ஒரு போன் போட்டா டிராக்டரு வந்து நிக்கும். வேற வண்டி தொடாதுன்னு நேந்துக்கினேன் சார். பாதியில வுட்டா..." அவர் மரத்தடியில் தாயின் அருகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "காய்ச்சல் திரும்பி வந்துட்டா நா யாரக் கேக்குறது?"

பதினான்கு வயதுப் பெண். ஊறுகாயை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகும் என் கோபம் அடங்கவில்லை.

"சீர்காழியில ஊரே திரண்டு நிக்கப்போவுது. வேளாங்கண்ணியில எத்தினி பேர் நிப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? பைப்புக்கு முன்னால அத்தினி பேரும் மண்டி போடணுமா? சிதம்பரம் வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்கு மேல நீங்க சொல்லலன்னா நான் மைக்குல சொல்லுவேன்."

"சார், நீங்க சொல்லாதீங்க," என்றார். "சொன்னா நானே சொல்லிக்கிறேன்." பொட்டலத்தைப் பிரிக்காமலேயே இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு ஏறும் மேட்டில் தேர் கனத்தது. அவர் இஞ்சினை அதட்ட வேண்டியிருந்தது. உறுமல் ஏறிய நொடியில் கண்ணாடிப் பெட்டி தேனீக்கூடுபோல் இரைந்தது. பிறகு டிக் என்றொரு சத்தம். கீழ்மூலையிலிருந்து மேல்நோக்கிக் கண்ணாடியில் ஒரு கீறல் ஓடி, மாதாவின் பாதத்துக்கு நேரே நின்றது.

"கண்ணாடிய ஒடைச்சிக்கினு வெளிய வர்றாங்க!" என்று யாரோ கூவினார்கள். கூட்டம் கதறியது. அந்தோணிமேரி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். பக்கக் கண்ணாடியில் மரியலூர்துவின் முகத்தை நான் பார்க்க முயன்றேன். அவர் சொன்னது சரிதான். அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நான் செபத்தை நிறுத்திவிட்டேன். அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

*

வெயில் சாய்வதற்குள் சிதம்பரம் மாதா கோயில் வளாகத்தில் தேரை நிறுத்திவிட்டோம். நகருக்குள் நுழையும்போதே தெருவின் இருபுறமும் ஆட்கள் காத்திருந்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் நடந்து போயிருந்தது. தேரைக் கழற்றி வைத்த சற்று நேரத்தில் சுமோவைக் காணவில்லை. அந்தோணிமேரி கலங்கிப்போய் என்னிடம் வந்தார். "போனும் எடுக்கல சார். காலையிலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் இருந்தாரு."

நகரின் வண்டிகேட் பகுதியில் சைலன்சர் கடைகள் உண்டு. தேடிப் போனேன்; அங்கேதான் இருந்தார். தில்லைநாதன் என்னும் கடைக்காரர் வண்டிக்கு அடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். மரியலூர்து அலைபேசியில் ஜெனித்துடன் பேசிக்கொண்டிருந்தார். கடைச் சத்தத்தில் காது கேட்பதற்காக ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

"மாமா, ரெண்டுக்கு எறக்காதீங்க. டர்போ செத்துடும்."

"அது உயிரோட இருந்தாத்தான மச்சான் சாவும்? நேத்துலேர்ந்து மொதக் கியரத் தாண்டல. அது எப்ப எழுந்துச்சு, எப்பத் தூங்குச்சுன்னு எனக்கே தெரியாது."

"மொதக் கியர்லயேவா போறீங்க?"

"பின்ன? மாதா பின்னால ஜனங்க நடந்து வர்றாங்களா, ஓடி வர்றாங்களா?"

"அத நா யோசிக்கல மாமா," என்றான் ஜெனித், மெல்லிய குரலில்.

கடைக்காரர் தில்லைநாதன் இதற்குள் வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதா படத்தையும் காவித்துண்டையும் பார்த்துவிட்டிருந்தார். "ஏங்க, எம் பொஞ்சாதி இப்பத்தான் பாத்துட்டு வந்து அழுதுக்கினு கெடக்குறா. மாதா நடுங்குறாங்களாமே, அந்த வண்டியா இது?"

"அதான்."

அவர் கையிலிருந்த அறுப்புக்கருவியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப நா கைவெக்க மாட்டேங்க. சாமி காரியம். வண்டி எப்பிடி இருக்குதோ அப்பிடியே இட்னு போங்க. பைப்ப மாத்தி எதுனா நின்னுபோச்சுன்னா என்னைத்தான் சொல்லுவாங்க."

மரியலூர்து என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர் அவர். சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டே இருந்தன. அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அந்தக் குழாயின் வாயைப் பார்த்தார். உள்ளங்கை முழுதாக நுழையும் வாய் அது.

"அண்ணே, நடுங்குறது மாதா இல்ல," என்றார். "என் பைப்பு. மூணு இன்ச்சு வெச்சேன், கனம் தாங்காம ரப்பர் அறுந்துச்சு, பாடியோட சேத்து வெல்டு அடிச்சேன். அந்த அதிர்வுதான் தேருக்கு ஏறுது. ரெண்டு இன்ச்சு போட்டு, நல்ல பெரிய சைலன்சரா வெச்சு, ரப்பர்ல தொங்க வுட்டுடுங்க."

தில்லைநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இத வெளிய சொல்லிட்டீங்களா?"

"உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

"நா என் பொஞ்சாதிகிட்ட இன்னான்னு போய் சொல்லுவேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே தில்லைநாதன் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

இரும்புப் பட்டையை அறுத்தபோது குழாய் தரையில் விழுந்து உருண்டது. மரியலூர்து அதைக் காலால் தடுத்து நிறுத்தினார். எடுத்துப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்தார். புதுக்குழாய் பூட்டி முடிந்ததும் இஞ்சினை முடுக்கினார். தையல்பொறி ஓடுவதுபோல் ஓர் ஓசை, அவ்வளவுதான். அவர் இறங்கி வந்து தேர் மாட்டும் கொக்கியின்மேல் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றார்.

*

காலையில் புறப்படும் நேரம். வளாகம் நிறைந்து வழிந்தது. எங்கள் கூட்டத்தைவிடப் பார்க்க வந்தவர்கள் அதிகம். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். தேரைக் கொக்கியில் மாட்டியாயிற்று. நான் ஒலிவாங்கியை எடுத்தேன். மரியலூர்து வந்து கையை நீட்டினார். கொடுத்தேன்.

"எல்லாருக்கும் சொல்றேன்," என்று தொடங்கி நிறுத்தினார். ஒலிவாங்கி அவருக்குப் பழக்கமில்லை; வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார். "நேத்து மாதா நடுங்குனாங்கன்னு சொன்னீங்க. அது மாதா இல்ல. என் வண்டி சைலன்சரு. நேத்து காலையிலயே எனக்குத் தெரியும். பயந்துக்கினு சொல்லல. ராத்திரி தூங்கல. இப்ப பைப்ப மாத்திட்டேன். இனிமே ஆடாது. மன்னிச்சுக்குங்க."

பின்வரிசையில் ஒருவர் தம் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கினார். அதைப் பார்த்து இன்னும் சிலர் இறக்கினார்கள்.

இன்னாசிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது. "சீர்காழியில ஜனங்க ரோட்டுல நின்னுக்கினு இருக்காங்கடா! ஃபாதர்கிட்ட நா இன்னான்னு சொல்றது? சைலன்சருன்னு சொல்லட்டுமா? சாமிய வெச்சா வெளையாடுற?"

"நா நடுங்குதுன்னு சொல்லலண்ணே," என்றார் மரியலூர்து.

"இல்லன்னும் சொல்லல இல்ல? கழட்டு வண்டிய. மாதா தேரு உன் வண்டியில போவாது." அலைபேசியை எடுத்து எண்ணைத் தேடினார். "பொன்னுரங்கத்த வரச்சொல்றேன். டிராக்டரு வரட்டும்."

அந்தோணிமேரி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்கிட்டயாவது சொன்னியாய்யா? ஒரு ராத்திரி பூரா எம் புள்ளைக்காகத்தான் மாதா அசையுறாங்கன்னு அழுதுக்கினு கெடந்தேனே!" மரியலூர்து கொக்கியில் செருகியிருந்த இரும்பு ஊசியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கழற்றவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நின்றார். கூட்டத்தில் சிலர் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓர் அம்மாள் என்னை முறைத்துக்கொண்டே போனார்; என் வேலைதான் இது என்று அவருக்கு யார் சொன்னதோ தெரியவில்லை.

இன்னாசிமுத்துவின் அலைபேசியில் மணி போய்க்கொண்டிருந்தபோது மங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஒரே நாள் நடையில் அவருடைய குதிகால் வெடித்திருந்தது. மஞ்சள் அரைத்துப் பூசியிருந்தார்.

"எலே, இங்க பாரு. ஆத்தா நடுங்குறான்னுதான் நா வந்தேன்."

"தெரியும்மா," என்றார் மரியலூர்து. "பொய்யிம்மா அது."

"இனிமே நடுங்க மாட்டாளா?"

"மாட்டாங்க."

மங்கம்மா கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, ஏமாற்றமா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு இன்னாசிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"நேத்து பெரியப்பட்டுலேர்ந்து நடந்தது என் காலு. இவன் பைப்பா நடந்துச்சு? டிராக்டரு எப்ப வர்றது, நா எப்பப் போறது? பொட்டக் கோழியாட்டம் அடைகாத்துக்கினு இங்கயே குந்திக்கினு இருக்கச் சொல்றியா? வெயிலு ஏறுது. வண்டிய எடுக்கச் சொல்லு."

யாரோ சிரித்தார்கள். அப்போது பார்த்து அலைபேசியில் பொன்னுரங்கத்தின் குரல் வந்தது. "இன்னாண்ணே, காலையிலயே? லூர்து ஏரோப்ளேனு கெளம்பிச்சா?"

இன்னாசிமுத்து மங்கம்மாவைப் பார்த்தார். மரியலூர்துவைப் பார்த்தார். தாயின் அருகில் நின்றிருந்த சகாய பிரியாவை நெடுநேரம் பார்த்தார்.

"இல்லப்பா," என்றார் இறுதியில். "இனிமேதான் கெளம்புது. சும்மாதான் போட்டேன்." அலைபேசியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். வேளாங்கண்ணிவரை அவர் முன்னால் வரவில்லை.

மரியலூர்து ஊசியை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். பாதிக் கூட்டம்தான் மிஞ்சியது. நான் செபத்தைத் தொடங்கினேன். இரண்டு நாளில் முதன்முறையாக என் குரல் எனக்கே கேட்டது. பின்வரிசை எங்கே நிறுத்துகிறது என்பதும் கேட்டது. பலர் சொற்களை விழுங்கினார்கள். திருத்தவில்லை.

ஆனாலும் எவர் கண்ணும் சாலையில் இல்லை. என் கண்ணுந்தான். எல்லாரும் மாதாவின் கையில் தொங்கிய செபமாலையையே பார்த்துக்கொண்டு நடந்தோம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது ஒருமுறை ஆடும், வரிசை முழுதும் மூச்சைப் பிடிக்கும், அது நின்றுவிடும். மரியலூர்து ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார்.

கொள்ளிடப் பாலத்துக்கு ஏறும் மேட்டில் வண்டி திணறியது. இரண்டங்குலக் குழாய் கரும்புகையைக் கக்கியது. ஒரு கணம் நின்றுவிடுமோ என்று அந்தோணிமேரி தேரின் பின்னால் கைவைத்துத் தள்ளினார். மற்றவர்களும் வந்து தள்ளினார்கள். மேட்டைத் தாண்டியதும் மங்கம்மா விந்திவிந்தி முன்னேறித் தேரின் பக்கவாட்டில் போனார். நடந்துகொண்டே, காய்ச்சல் பார்ப்பவர் நெற்றியில் கைவைப்பதுபோல், கீறல் விழுந்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துச் சற்றுநேரம் எடுக்காமல் நடந்தார்.

"இன்னாம்மா?" என்று மரியலூர்து ஜன்னலிலிருந்து கேட்டார்.

"சும்மாதான் இருக்கா," என்றார் மங்கம்மா. "நீ முன்னாலப் பாத்து ஓட்டு."